போர்வையில் சுற்றிய கேமரா ஸ்டாண்டு

அன்புள்ள அத்தைக்கு,

நடுராத்திரியில் எழுதுவதற்கு மன்னிக்கவும். இப்போதுதான் வேலை முடிந்தது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் சுகமாக வந்து சேர்ந்தேன்.

கேமரா ஸ்டாண்டில் கீறல் விழக்கூடாதென்று, அவசரத்தில் பாப்பாவின் போர்வையைச் சுற்றித் தோளில் சாய்த்து விமான நிலையத்துக்குள் போனேன். வரிசையில் நின்ற ஒரு அம்மாள், "தூங்குதா? என்ன வயசு?" என்றார். "ஒண்ணரை" என்று சொல்லிவிட்டேன். சோதனை மேசையில் போர்வையைப் பிரித்ததும் அவரே, "ஏம்மா, உன் பிள்ளைக்கு மூணு காலா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஸ்டாண்டைப் பெட்டிகளோடு போடச் சொல்லிவிட்டார்கள். போர்வை கையில் மிஞ்சியது.

அது இல்லாமல் பாப்பா தூங்கமாட்டாளே என்று விமானம் கிளம்பிய பிறகுதான் உறைத்தது. நாளை தபாலில் அனுப்புகிறேன். அதுவரை என் பழைய சேலை ஒன்றை மடித்துக் கொடுத்துப் பாருங்கள். எதுவும் இல்லாமலே தூங்கிவிடுகிறாள் என்றாலும் மறைக்காமல் எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள், அத்தை.