பல்லிக்குப் பயப்படும் அப்பா

மாடம்பாக்கம்,
ஆடி 20

ஐதராபாத்தில் ஏசிக்கு அடியில் உறைந்துபோயிருக்கும் அக்கா சத்யப்ரியாவுக்கு, இங்கே புழுக்கத்தில் வெந்துகொண்டிருக்கும் தங்கை மஹாலட்சுமி எழுதுவது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அம்மா படித்துவிடுவாள், அதனால்தான் தாள். அவளுக்கு முட்டிவலி ஏறுகிறது. எனக்குக் கணக்கில் மார்க் ஏறவில்லை.

என் ரப்பர் பல்லி ஞாபகம் இருக்கிறதா? டீத்தூள் டப்பாவில் அதைப் பார்த்து அப்பா ஸ்டூல் மேல் ஏறி நின்றாரே. போன மாதம் மறுபடி வைத்தேன். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இன்னா இது?" என்றார். பல்லிப்பா என்றேன். "பல்லின்னா?" என்றார்.

அதை எதிர்வீட்டு ஸ்டெபின் இரவல் வாங்கிப் போனான். அவன் அப்பா சவுரிமுத்து அங்கிளுக்கும் மறதி நோய்தான், ஆனால் வேறு ரகம். நேற்று நடந்தது இன்று நினைவில் இருக்காது. பல்லி என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். அதனால் தினமும் புதிதாகப் பயந்து, தினமும் அவனைத் துரத்துகிறார். ஒரே பல்லி, ஒன்பது நாள். எனக்கு வயிறு எரிகிறது.

நம் அப்பாவுக்கு நடந்ததெல்லாம் அத்துப்படி. டாக்டர் என்னைக் காட்டி யாரென்று கேட்டதற்கு, "மஹா. காலைல தோசையக் கருக்கிச்சு. தாம்பரத்துல பஸ் புடிச்சி ஸ்கூலுக்குப் போவும்" என்றார். உங்கள் மகளா என்றார் டாக்டர். அப்பா கொஞ்சம் யோசித்து, "மகள்னா இன்னா சார்?" என்றார். இந்த வகை மறதியில் அர்த்தங்கள்தான் ஒவ்வொன்றாக உதிரும் என்று அம்மாவிடம் டாக்டர் சொன்னார்.

ஸ்டெபினிடம் இதைச் சொன்னேன். அவன் தன் கதையைச் சொன்னான். அங்கிள் அவனையே கூப்பிட்டு, "தம்பி, என் புள்ள ஸ்கூல் வுட்டு வர்ற நேரம். வழியில பாத்தா கூட்டினு வா" என்றாராம். சொல்லிவிட்டு அழுதான். நான் ஆறுதல் சொல்லவில்லை. அவருக்குப் பிள்ளை என்றால் என்னவென்று தெரிகிறதே என்ற பொறாமையில் எழுந்து வந்துவிட்டேன்.

நேற்று உன் நிச்சயதார்த்தப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். "கல்யாணம். சத்யாவுக்கு. நாந்தான் கையப் புடிச்சிக் குடுக்கணும்" என்றார். இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் சரியாகச் சொன்னார்.

கல்யாணத்துக்குத் தை வரைக்கும் காத்திருக்க வேண்டாம் அக்கா. மாப்பிள்ளை வீட்டில் பேசி ஆவணியிலேயே வை. மண்டபம் கிடைக்காவிட்டால் நம் கோயிலில் வைத்துக்கொள்ளலாம். பந்தியில் நான் ஒழுங்காகப் பரிமாறுகிறேன், யார் இலையிலும் விளையாட மாட்டேன்.

எனக்குப் பதினைந்துதான் ஆகிறது. என் கல்யாணம் வரைக்கும் அந்த வார்த்தை அப்பாவிடம் தங்காது. அதனால் உன் மேலும் பொறாமைதான். இருந்தாலும் சீக்கிரம் வா.

உன் தங்கை,
மஹா