ஆறாவது பாட்டு

சென்னை
3.8.2024

அன்புத் தங்கச்சி சுகன்யாவுக்கு,

போனை நீ எடுப்பதே இல்லை. அதனால் பென்டிரைவோடு இந்தக் காகிதத்தையும் வைத்திருக்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன் கீபோர்டும் மெஷின் தாளமும் மட்டும் வைத்துச் செய்த நம் சிந்த்-பாப் ஆல்பத்தில் சேர்க்காமல் ஒதுக்கிய ஒன்பது பாட்டுகளையும் ஒரே தொகுப்பாக வெளியிடப் போகிறேன். 'சலித்தது போக' என்று பெயர். கீபோர்டு என்னுடையது என்றாலும் குரல் உன்னுடையது. கேட்டுவிட்டு எழுது.

அண்ணன்,
யோகராஜ்

போடி
14.8.2024

யோகராஜ் அண்ணனுக்கு,

வணக்கம். ஏலக்காய் எடுப்பு தொடங்கிவிட்டது. மலையிலிருந்து இறங்கினால் பேசத் தெம்பிருப்பதில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பாட்டுகள் ஆல்பத்தைவிட நன்றாக இருக்கின்றன. அதில் விருந்தாளி முன்னால் உட்கார்ந்த மாதிரி இருந்தோம். இதில் நீங்கள் ஒரு கட்டையைத் தப்பாக அழுத்துகிறீர்கள், நான் சிரித்துவிடுகிறேன், அதையும் வெட்டாமல் விட்டிருக்கிறீர்கள். மூன்றாவது பாட்டில் நான் நிறுத்திய பிறகும் மெஷின் தாளம் தன்பாட்டுக்கு ஓடுகிறதே, அது ரொம்பப் பிடித்தது. பெரிய காய் ஏலத்துக்குப் போகும், சல்லடைக்குக் கீழே விழுந்த பொடிக்காய் நம் வீட்டு டீக்கு. மணத்தில் என்ன குறைச்சல்? ஜீப்பில் போட்டுக் காட்டினேன். "மிச்சம் மீதியே இம்புட்டு நல்லாருந்தா, சோத்த எங்கடி ஒளிச்சு வச்ச?" என்றார் கூட வேலை பார்க்கும் மூக்கம்மாள் அக்கா.

ஆறாவது பாட்டை மட்டும் எடுத்துவிடுங்கள். நீங்கள் போடியில் இருந்தபோது, விடியற்காலையில் பஸ் சத்தம் தொடங்குமுன் உங்கள் ரூமில் பாடினோமே, அது. அன்றைக்கு ஆறு மணிக்கு ஏலத்தோட்டத்துக்கு ஜீப். ஆள் அனுப்பாவிட்டால் நம் சீட்டை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் "இன்னொரு தடவ பாடு" என்றதும், எனக்குப் பதிலாக என் கூடப்பிறந்த தங்கச்சி பாண்டீஸ்வரியைப் போகச் சொல்லிப் போன் செய்தேன். போடிமெட்டு வளைவில் ஜீப் கவிழ்ந்து அவள் செத்தாள். அந்தப் பாட்டை வைத்து யாரும் ஆட வேண்டாம்.

சுகன்யா

சென்னை
20.8.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நானும் அதனால்தான் ஆல்பத்தில் அதைச் சேர்க்கவில்லை. ஆனால் தொகுப்புக்கு உயிரே அந்தப் பாட்டுதான். கேட்டவர்கள் எல்லாரும் அதையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

ஒன்று சொன்னால் உனக்கு ஆறுதலாக இருக்கும். இரண்டாவது தடவை பாடியதை நான் தொடவில்லை, மனசு வரவில்லை. முதல் தடவை பாடியதையே வைத்திருக்கிறேன். அப்போது பாண்டீஸ்வரி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். அதில் ஒரு குறையும் இல்லை. சரி என்று ஒரு வார்த்தை எழுது.

அண்ணன்,
யோகராஜ்

போடி
29.8.2024

யோகராஜுக்கு,

மழையால் இன்று வேலை இல்லை. அந்தப் பாட்டை நாலு தடவை கேட்டேன். சுருதி எங்காவது இறங்குகிறதா, மூச்சு எங்காவது அறுகிறதா என்று தேடினேன். நீங்கள் எழுதியது சரி, ஒரு குறையும் இல்லை.

நான் முதல் தடவையே ஒழுங்காகப் பாடியிருந்தால் அவள் போயிருக்க மாட்டாள் என்று ஆறு வருஷமாக அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறேன். அதற்கப்புறம் வாய் திறந்து ஒரு வரி பாடியதில்லை. அம்மாவும் அதை அப்படியே நம்பிவிட்டார். இன்றுவரை என் முகம் பார்த்துச் சோறு போட்டதில்லை.

குறையில்லை என்பதை அன்றைக்கே சொல்லியிருந்தால் ஜீப்புக்குப் போயிருப்பேன். அந்தச் சீட்டில் நான் இருந்திருப்பேன்.

பாட்டை வெளியிடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். என் பெயரை எடுத்துவிடுங்கள். எனக்கு இனி எழுத வேண்டாம்.

சுகன்யா