காற்று மட்டும் வந்த பாட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

விடுமுறைக் கச்சேரிக்கு எங்கள் வட்டாரப் பாட்டுக் குழு ஒத்திகை பார்க்கிறது. என் குரல் தனியாகக் கேட்டுவிடுமோ என்று பயந்து, மூன்று வாரமாக உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். நேற்று பாட்டு வாத்தியார் ஒவ்வொருவர் வாயருகிலும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"என்னம்மா, காத்து மட்டும்தான் வருது?"

அலுவலகம் விட்டால் நான் நாலு வார்த்தை பேசுவது இவர்களோடுதான். குழுவிலிருந்து நீக்கிவிடுவாரோ என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற பேக்கரிக்கார அக்கா, "விடுங்க சார், போன வருஷக் கச்சேரி முழுக்க நானும் இப்படித்தான் ஓட்டினேன்" என்றார். வரிசையே சிரித்தது.

"அப்ப ரெண்டு பேரும் முன்னாடி வாங்க. தப்பாப் பாடினாலும் சத்தமாப் பாடணும்!"

பாடினேன், அம்மா. யாரும் முகம் சுளிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், அவசரமாக ஒன்று. கச்சேரிக்குக் கறுப்பு உடுத்த வேண்டும். உன் கறுப்புச் சால்வையை அனுப்பு. துவைக்க வேண்டாம், நீ போர்த்தியிருந்தபடியே மடித்து அனுப்பு.

உன் மகள்