பெல்லடோனா தின்ற முயல்

தோர்பட், 3 பிப்ரவரி 1857

அன்புள்ள ஒட்டிலிக்கு,

உன் அம்மா அனுப்பிய ஊறுகாய் மீன் வந்து சேர்ந்தது. கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையைக் கொழுக்க வைக்கப் பார்க்கிறாள். மருத்துவப் பட்டத்துக்கான ஆய்வேடு பாதி முடிந்துவிட்டது. பெல்லடோனா என்ற நச்சுச்செடியின் சாறு உடம்பை என்ன செய்கிறதென்று சொட்டுச் சொட்டாக அளந்து பார்க்கிறோம். பயப்படாதே, உனக்குக் கொடுத்த வாக்கை மறக்கவில்லை. நான் நாக்கில்கூட வைப்பதில்லை, எல்லாம் முயலுக்குத்தான். பாவம், நேற்று பதினைந்து சொட்டில் வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து, தள்ளாடி விழுந்தது. ஜூனில் பட்டம், மறுவாரம் கல்யாணம்.

உன் கோட்ஹார்ட்

ரீகா, 9 பிப்ரவரி

அன்புள்ள கோட்ஹார்டுக்கு,

முயலை நலம் விசாரித்ததாகச் சொல்லுங்கள். மருந்துக்கடைக்காரர் மகளிடமா இந்தக் கதை? அப்பா வளர்த்த பெல்லடோனாச் செடியை எங்கள் தோட்டத்து முயல்கள் மொட்டையாக மேய்ந்தன. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. "இந்தப் பயலுகளுக்கு மட்டும் இது கீரைடி" என்பார். அதே செடிதான் அவரைக் கொண்டுபோனது.

உங்கள் எழுத்து வேறு கட்டைவிரல் பருமன் இருக்கிறது. கிட்டத்தில் கண் தெரியவில்லையா? அந்தச் சாற்றைக் குடித்த நாட்களில் அப்பா எழுத்தும் இப்படித்தான் இருக்கும்.

ஒட்டிலி

தோர்பட், 14 பிப்ரவரி

என் ஒட்டிலி,

விழுங்கியது நான்தான். நாடி நூற்று நாற்பது. அறையில் இல்லாத ஆளோடு சண்டை போட்டேனாம், வீட்டுக்காரம்மா சொன்னாள். முயலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றதும் பேராசிரியர், "வாயில்லா ஜீவன் என்னத்தய்யா சொல்லும்? மனுஷன் குடிச்சுப் பாத்துச் சொல்லணும்" என்றார். இங்கே எல்லா மாணவரும் செய்வதுதான். யாராவது பார்த்து உனக்கு எழுதிவிடப் போகிறார்களே என்று கதவைத் தாழிட்டுக்கொண்டு குடித்தேன். தெரிந்தால் மோதிரத்தைக் கழற்றிவிடுவாய் என்ற பயம். இன்னும் ஒரே ஒரு தடவை, இருபது சொட்டு. மன்னித்துவிடு.

கோட்ஹார்ட்

ரீகா, 19 பிப்ரவரி

கோட்ஹார்டுக்கு,

இரண்டு நாள் அழுதேன். பிறகு கோபம் வந்தது, இன்னும் போகவில்லை.

அப்பா எதைக் குடித்தாலும் சொல்லிவிட்டுத்தான் குடிப்பார். "கடிகாரத்தை எடுத்துக்கிட்டு வந்து பக்கத்துல உக்காரு" என்று அம்மாவைக் கூப்பிடுவார். இரண்டு முறை அவள்தான் வாந்தி எடுக்கவைத்துக் காப்பாற்றினாள். கடைசி நாள் மட்டும் அவர் கூப்பிடவில்லை. நாங்கள் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தோம்.

குடிக்காதீர்கள் என்று வாக்கு வாங்கியது என் தப்பு. தனியாகக் குடிக்காதீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை பனிவண்டியில் நானும் அம்மாவும் வருகிறோம். அந்த இருபது சொட்டு அதுவரை புட்டியிலேயே இருக்கட்டும். கதவைத் தாழிடாமல் வையுங்கள். தாழிட்டிருந்தால் மோதிரத்தை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

ஒட்டிலி