அனுப்பியவர் காத்திருக்க வேண்டாம்

என் பிரியமான காதர் அண்ணா,

முதலில் நல்ல செய்தி. நம் இரண்டு அழைப்புகளும் கெர்னலுக்குள் போய் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டன. செம்பூரில் ஒரு வங்கிக் கிளையில் நம் கம்பெனியின் மெஷின் ஓட ஆரம்பித்திருக்கிறது. உன்னால் நம்ப முடிகிறதா? எனக்கே இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை, அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

இந்தக் கடிதம் நம் தமிழ்ச் சங்கத்து மலரில் வரப்போகிறது. கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்திராதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையை உனக்கே சொல்லப்போகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு கேள்.

ஒரு கம்ப்யூட்டரில் ஒரே சமயத்தில் பல புரோகிராம்கள் ஓடும். அவற்றையெல்லாம் கட்டி மேய்க்கிற அடிப்படைப் புரோகிராமுக்குக் கெர்னல் என்று பெயர். ஒரு புரோகிராம் ஒரு ஃபைலையோ, திரையும் கீபோர்டும் சேர்ந்த டெர்மினலையோ திறக்கச் சொன்னால், கெர்னல் திறந்துவிட்டு ஓர் எண்ணைக் கையில் கொடுக்கும். அந்த எண் அந்தப் புரோகிராமுக்குள் மட்டும்தான் செல்லுபடியாகும். பக்கத்துப் புரோகிராமிடம் அதே எண்ணைச் சொன்னால், அங்கே அது வேறு எதையாவது குறிக்கும்.

வங்கிக்கு வேண்டியிருந்தது இதுதான். காவல் புரோகிராம் ஒன்று எல்லாக் கவுண்டர் டெர்மினல்களையும் பார்த்துக்கொண்டிருக்கும். குமாஸ்தா பாஸ்வேர்டைத் தட்டியதும், திறந்திருக்கும் டெர்மினலை அப்படியே கணக்குப் புரோகிராமிடம் ஒப்படைக்கும். மூடிவிட்டு மறுபடி திறந்தால் லைன் அறுந்துபோகும், திரை வெறிச்சென்று ஆகிவிடும், குமாஸ்தா கீபோர்டைப் போட்டு அடிப்பார். அதனால் திறந்ததைத் திறந்தபடியே கைமாற்ற வேண்டும். அதற்காகத்தான் அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று என்று, புரோகிராம்கள் கெர்னலைக் கூப்பிட்டு வேலை வாங்கும் இரண்டு அழைப்புகளை நாம் வடிவமைத்தோம்.

சிக்கல் நடுவழியில் இருந்தது. அனுப்பிய புரோகிராம் அனுப்பின கையோடு தன் பக்கத்தை மூடிவிட்டால்? இதை இனி யாரும் வைத்திருக்கவில்லை என்று நினைத்து, வாங்குகிறவர் வாங்குவதற்குள் கெர்னல் அதையே மூடிவிடும்.

அதற்கு நான் போட்ட திட்டம் ஒரு பம்பாய்க்காரிக்கு மட்டுமே தோன்றக்கூடியது. மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனில் லோக்கல் ரயிலின் லேடீஸ் டப்பாவில் ஏறியதும், உட்கார்ந்திருப்பவளிடம் "கிதர் உதர்னா ஹை?", எங்கே இறங்கணும் என்று கேட்பேன். இரண்டு ஸ்டேஷன் தள்ளி வரும் பாந்த்ரா என்று சொல்லிவிட்டால் அந்த இடம் எனக்கு. ஆனால் அவள் சட்டென்று எழுந்துவிட மாட்டாள். நான் இடுப்பைச் செருகிய பிறகுதான் நழுவி எழுவாள், இல்லாவிட்டால் நடுவில் இன்னொருத்தி உட்கார்ந்துவிடுவாள். நானும் அதையே எழுதிக்கொண்டு வந்தேன். வாங்குகிறவர் வாங்கி முடிக்கும்வரை அனுப்பியவர் காத்திருக்க வேண்டும்.

"நடுவுல ஒரு செகண்டுகூட காலியா இருக்கப்படாதுண்ணா. அனுப்பறவா காத்துண்டு இருக்கட்டும்" என்றேன்.

நீ நாற்காலியில் பின்னால் சாய்ந்து சிரித்தாய். "ஏ தங்கச்சி, வாங்குறவன் தூங்கிட்டாம்னா? காவக்காரன் ஒருத்தனுக்காவக் காத்துக் கெடந்தா, மத்த கவுண்டர எவன் பாப்பான்? அனுப்புனவன் அவஞ் சோலியப் பாக்கப் போட்டும். நடுவுல கெர்னலு புடிச்சிக்கிடட்டும்."

நான் விடுவேனா? மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டேன். தாராவித் தமிழும் மாட்டுங்காத் தமிழும் மோதிக்கொண்டதில் பக்கத்து மேஜை மராட்டிக்காரர்கள் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். கடைசியில் நீ எழுதியது மிகச் சின்னது. திறந்திருக்கும் ஒவ்வொன்றையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று கெர்னல் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கிறது. அனுப்பும்போது கெர்னல் தன் பங்குக்கும் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். வாங்குகிறவர் வந்ததும் அந்தப் பிடியை அவரிடம் கொடுத்துவிடும். எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று வயிறெரிந்தது. அண்ணன் மூளையே மூளை என்று வீட்டில் போய்ச் சொல்லவும் செய்தேன்.

அந்த மழைக்காலத்தில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை. உன் நாற்காலியில் யாரும் உட்காராமல் நான் என் பையை அதன் மேல் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் சோதனையில் அடி விழுந்தது. வாங்க வேண்டிய புரோகிராம் வாங்காமலே பாதியில் செத்துப்போனால், கெர்னல் பிடித்துக்கொண்டது பிடித்தபடியே இருந்தது. அப்படிச் சேர்ந்து சேர்ந்து இடமெல்லாம் நிரம்பி, மெஷின் புதிதாக எதையும் திறக்க முடியாமல் நின்றது. மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "காதர் கா கோட் நிகால் தோ. டெலிவரி சர் பே ஹை" என்றார். டெலிவரி தலைக்கு மேல் நிற்கிறதாம், நீ எழுதியதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பழையபடி மூடித் திறக்கலாம் என்கிறார்!

எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அதில் தப்பு ஒன்றும் இல்லை, எழுதி முடிக்க ஆளில்லாமல் நிற்கிறது, நான் முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். செத்துப்போன புரோகிராமுக்கு வந்து காத்திருப்பவற்றின் வரிசையைக் கெர்னல் கலைக்கும் இடத்தில், வாங்கப்படாமல் கிடப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பிடியை விடும் ஒரு ரூட்டீனை, சின்னப் புரோகிராம் துண்டை, எழுதினேன். நீ எழுதியதில் ஒரு வரியையும் தொட வேண்டியிருக்கவில்லை. அது வந்து பொருந்துவதற்கு இடம் முன்னமே விட்டு வைத்ததுபோல் இருந்தது. அது உன் மனதில் ஏற்கெனவே இருந்ததா, அண்ணா?

வேண்டுமென்றே புரோகிராம்களைக் கொன்று கொன்று பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் கணக்கு பழைய நிலைக்கே வந்து நின்றது. மேனேஜர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "டீக் ஹை, ரெஹ்னே தோ" என்றார். அது இருக்கட்டும் என்று அவர் வாயால் சொன்னதும் நான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

செம்பூர் கிளைக்கு உன் வாப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். தோல் பட்டறையைப் பூட்டிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "ஏம்மா, இதுல எம்மவன் எங்க இருக்கான்?"

எதைக் காட்டுவேன்? நாம் எழுதுவதெல்லாம் சரியாக வேலை செய்தால் கண்ணுக்கே தெரியாதே. கவுண்டர் குமாஸ்தாவிடம் சொல்லி வாப்பாவைப் பக்கத்தில் நிறுத்தினேன். அந்த அம்மாள் பாஸ்வேர்டைத் தட்டினாள். திரை ஒரு தடவைகூடக் கண் சிமிட்டாமல் கணக்குப் பக்கம் வந்து நின்றது. "இப்போ, இந்த எடத்துலதான் மாமா, காதர் அண்ணா இருக்கான்" என்றேன்.

வாப்பா திரையருகே குனிந்து பார்த்தார். பிறகு குமாஸ்தாவிடம், "ஃபிர் ஸே கரோ பேட்டி", மறுபடி செய் மகளே என்றார். அவள் கணக்குப் பக்கத்திலிருந்து வெளியே வந்து மறுபடி பாஸ்வேர்டைத் தட்டினாள். அவர் இன்னொரு முறை கேட்டார். கவுண்டரில் வரிசை நீண்டுகொண்டே போனது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

இப்போது புதிய மெஷின் வரப்போகிறது. கெர்னலில் பாதியை மாற்றி எழுத வேண்டும். இந்தப் பகுதியை யார் பார்த்துக்கொள்வது என்று மேனேஜர் மீட்டிங்கில் கேட்டார். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். இன்னொருவர் யார் என்று அவர் கேட்கவில்லை.

உன் வரிகளைக் காரணமில்லாமல் மாற்ற மாட்டேன். மாற்றியே ஆக வேண்டுமென்றால், முதலில் உன்னோடு ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டுவிட்டுத்தான் மாற்றுவேன். இது சத்தியம்.

கூடப் பிறக்காத உன் தங்கை,
விசாலம்
மாட்டுங்கா