‘நகர்த்து’ கருவிக்கு ஆறு வரி

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புழுதிக்காற்று. ஆபீஸ் ஏசி மறுபடி ரிப்பேர். எழுத வேண்டிய கருவி விளக்கம் இன்னும் நாலு.

சாப்பிடும்போது அம்மா: “நீ என்னதான்டி வேலை பாக்குற?” கிளவுடில் கிடக்கும் கோப்புகளைத் தேட, நகர்த்த, அழிக்க ஏஐ-க்குக் கருவிகள் கொடுத்திருக்கிறோம், ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று நான் எழுதி வைப்பதைப் படித்துத்தான் அது வேலை செய்யும் என்றேன். “அப்ப நீ தப்பா எழுதுனா?” ரசம் ஊற்றிக்கொண்டேன்.

மதியம் பாண்டியம்மாக்கா போன். சின்னாளபட்டியில் பதினாலு தறி வைத்து நடத்துகிறவர், எங்கள் வாடிக்கையாளர். டிசைன் எல்லாம் அவர் கையாலேயே வரைவது. “கலா, என் டிசைனெல்லாம் எங்கடி? நாப்பத்திரண்டு இருந்துச்சு, பதினாலுதான் நிக்குது. ஆடி ஆர்டர் அதுலதான் இருக்கு!”

ராத்திரி வரை அவர் கோப்புறைகளைத் துழாவினேன்.

ஜூலை 8, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

அக்கா வீட்டு வழக்கம்: டிசைனுக்குத் தனிப் பெயர் கிடையாது. எந்தத் தறியில் ஏறுகிறதோ அந்த எண்தான் பெயர். ‘தறி 7’. அடுத்த மாதம் வேறு டிசைன் ஏறும். அதுவும் ‘தறி 7’. மாதத்துக்கு ஒரு கோப்புறை, அதனால் இத்தனை நாள் குழப்பமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏஐ-யிடம், மூன்று மாதத்தையும் ஒரே இடத்தில் போடு என்றிருக்கிறார். அது போட்டது. ஒரே பெயர் என்பதால் ஒன்றின் மேல் ஒன்று, தறிக்கு ஒன்றுதான் மிச்சம். குப்பைத்தொட்டியிலும் இல்லை, அழித்தால்தானே அங்கே போகும், இது மேலே எழுதியது.

‘நகர்த்து’ கருவிக்கு என் விளக்கம்: “கோப்பை வேறு கோப்புறைக்கு மாற்றும்.” அவ்வளவுதான்!

முதலில் ஆறு வரி எழுதியிருந்தேன். அதே பெயர் அங்கே இருந்தால் பழையது போய்விடும், திரும்ப வராது, கேட்காமல் செய்யாதே. எல்லாம் இருந்தது. முதலாளி செந்தில் அண்ணன்தான், “கதையா எழுதுற? அதுக்கு அறிவு இருக்கும்மா, ஒரு வரி போதும்” என்றார். வெட்டினேன். என் கையால். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தூ.

ஜூலை 9, புதன்

வாங்க: தக்காளி, அம்மா மாத்திரை, செருப்பு தைக்க.

செ. அண்ணன் கூப்பிட்டார். “கஸ்டமர் எல்லாத்துக்கும் ஒரே பேரு வச்சா நாம என்ன பண்ண முடியும்? அவங்க தப்புன்னு ஒரு மெயில் போட்டுரு. உன் பேர்ல.”

“போட மாட்டேண்ணே.”

“வேலை வேணுமா வேணாமா?”

“வேணும். மெயில் போட மாட்டேன்.”

அடுத்த சீட் வனிதா கீபோர்டில் தட்டுவதை நிறுத்திவிட்டாள். சொல்லிவிட்டேன். நாளைக்கு லீவும் கேட்டேன், அதே மூச்சில்.

ஜூலை 10, வியாழன்

சின்னாளபட்டி. பஸ்ஸில் நின்றுகொண்டே. போன உடனே சொன்னேன்: “உங்க டிசைன் போகாம இருக்க ஆறு வரி எழுதியிருந்தேன், அதை வெட்டுனது நான்தான்க்கா.”

அக்கா, “திட்டணும். அப்புறம் திட்டுறேன். மொதல்ல படம் எடுக்க இந்த போனைப் பிடி.”

தறி தறியாகப் போனோம். நெய்கிறவர்கள் போனில் எடுத்து வைத்திருந்த படம், விற்காமல் மடித்துக் கிடந்த சேலை, ஒருத்தர் வாட்ஸாப் ஸ்டேட்டஸ். இருபத்தெட்டில் பத்தொன்பது கிடைத்தது. ஒன்பது போனது போனதுதான். அதில் இரண்டு ஆடி ஆர்டர். அக்கா காகிதத்தை விரித்து மறுபடி வரைய உட்கார்ந்தார். பார்க்க முடியவில்லை, அழுதேன்.

“அழுதா பார்டர் வந்துருமா? அந்த ஆறு வரியை வாசி.” இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். வரைந்துகொண்டே கேட்டார்.

“இது எனக்கே புரியுதே. இம்புட்டையும் சொல்லாம மிச்சம் புடிச்சு என்னடி பண்ணப் போறீக?”

காபி கொடுத்தார். திட்டவும் செய்தார், பஸ் ஏறும் வரை.

ஜூலை 11, வெள்ளி

வெயில். ஏசி வந்துவிட்டது.

ஆறு வரியையும் திரும்பப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. அக்காவுடையது போலவே மூன்று மாதக் கோப்புறைகளை மாதிரிக்குச் செய்து, அதே கட்டளையைக் கொடுத்தேன். ஏஐ நின்றது. “தறி 7 அங்கே ஏற்கெனவே இருக்கிறது. நகர்த்தினால் பழையது திரும்பக் கிடைக்காது. வேறு பெயரில் வைக்கட்டுமா?” வனிதா கைதட்டினாள்.

செ. அண்ணன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். “சரி, வேலை செய்யுது. மூணு வரியாக் குறைச்சிரு.”

நான் ஏழாவது வரியை அடித்துக்கொண்டிருந்தேன்: பல கோப்புகளுக்கு ஒரே பெயர் வைப்பது சிலரின் வழக்கம். அது அவர்கள் தவறல்ல.

“காதுல விழுதா?”

“விழுதுண்ணே” என்றேன். சேமித்தேன்.