தூக்கிக் கட்டிய ஜீப்

1981 ஜூன் 21, ஞாயிறு

காலையில் அவர் வந்துவிட்டார். ஆந்திராவில் மழை பிடித்துக்கொண்டதாம், போர் போடுகிற ரிக் வண்டியைக் கடப்பையிலேயே நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். கூடவே தொழில் பங்காளி வெள்ளியங்கிரியும். ஆவணி வரைக்கும் இரண்டு பேரும் இங்கேதான்.

ஒன்பது மாதம் கழித்து வருகிறவர் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் ஜீப்பைச் சுற்றி வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். சாப்பிடும்போதும் அதே பேச்சு. அங்கே ஒரு காண்ட்ராக்டர் வைத்திருக்கும் ஜீப்பைப் பற்றி.

"டயரு இடுப்பு உசரம் வருது வசந்தா. ரோட்டுல போனா லாரிக்காரனே ஒதுங்கறான்."

வெள்ளியங்கிரி ஆமாம் போட்டபடி என் கையால் மூன்று முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டான்.

ஜூன் 24

ஜீப்பை நாமக்கல்லுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், காளியப்பன் பட்டறைக்கு. ஸ்பிரிங் பட்டையை மாற்றி, பெரிய டயர் போட்டு, வண்டியைத் தூக்கிக் கட்டப் போகிறார்களாம்.

இது மிலிட்டரி கழித்துவிட்ட வண்டி. நாங்கள் திருச்செங்கோட்டிலிருந்து இந்தத் தம்மம்பட்டிப் பக்கம் நிலம் வாங்கி வந்த வருசம் எடுத்தது. அவர் வடக்கே போய்விடுவதால் நான்தான் ஓட்டுகிறேன். ஊரிலிருந்து ஓடையைத் தாண்டி எங்கள் மரவள்ளிக் காட்டுக்குப் போக வேறு வழி கிடையாது. களை எடுக்கிற பெண்கள் எட்டுப் பேரும் பின்னால் ஏறிக்கொள்வார்கள். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. ஒரு நாள்கூட மணலில் நின்றதில்லை.

"ஓடையில சிக்கிக்கிட்டா என்ன பண்ணுவே?" என்றார்.

"இதுவரைக்கும் சிக்கலீங்களே."

"இனிமே சிக்கிச்சுன்னா?"



ஜூன் 26

பெண்கள் நடந்துதான் வருகிறார்கள். வெயில் ஏறிய பிறகுதான் களைக்கொத்து மண்ணைத் தொடுகிறது. மரவள்ளி இன்னும் முழங்கால் உயரம்கூட இல்லை, அதற்குள் கோரை அதை மிஞ்சிவிடும் போலிருக்கிறது.

ஜூலை 2

வண்டி வந்தது.

என்ன சொல்ல. லாரிக்கு வைக்கிற பட்டையை அடுக்கி உடம்பைத் தூக்கியிருக்கிறார்கள். சக்கரம் உரசுகிறதென்று மட்கார்டைக் காஸ் வைத்து அறுத்து, விளிம்பைத் தட்டக்கூட இல்லை, பல் பல்லாக நீட்டிக்கொண்டிருக்கிறது. சிவப்புப் பெயின்ட். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முக்காலி மேல் ஏறி நிற்கிறவனைப் போல நிற்கிறது, பெரிய மனுசன் என்று நினைத்துக்கொண்டு.

"ஓட்டிப் பாரு" என்றார்.

சேலையை முழங்காலுக்கு மேல் தூக்காமல் ஏற முடியவில்லை. இரண்டு பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளியங்கிரி, "கையக் குடுக்கட்டுங்களா" என்றான். வேண்டாம் என்றேன். கம்பியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறினேன். ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது. பிரேக்கை மிதித்தால் யோசித்துவிட்டு நிற்கிறது. வளைவில் திருப்பினேன், உடம்பு முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

சொன்னேன்.

"பழகிக்கும்" என்றார்.

ஜூலை 5

எழுதக்கூடக் கை கூசுகிறது.

பின்தட்டு இப்போது பெண்களின் நெஞ்சு உயரத்துக்கு வருகிறது. எட்டிப் பிடித்து, ஒரு காலைச் சக்கரத்தின் மேல் வைத்து, ஒருத்தி மேலே இருந்து இழுக்க, ஒருத்தி கீழே இருந்து தள்ள — அப்படித்தான் ஏறுகிறார்கள். வெள்ளியங்கிரி தினமும் அந்த நேரத்துக்கு வாசலுக்கு எதிரே கிணற்று மோட்டார் ரூம் சுவரில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். வாயில் சிகரெட். ஒவ்வொருத்தியாக ஏறி முடிகிற வரைக்கும் கண்ணை எடுப்பதில்லை. இன்று இறங்கி வந்து "நான் ஏத்தி உடறேன்" என்று ஒருத்தியின் இடுப்பில் கையைக் கொடுத்தான். அவர் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர்களில் ஒருத்தி, உண்ணாமலை, என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "நாங்க நடந்தே வந்துடறோம்மா."

அது அவர் காதில் விழுந்துவிட்டது. "அப்பறம் எதுக்கு இத்தனை செலவு பண்ணி வண்டியக் கட்டியிருக்கறேன்? ஏறுங்க. நேரமாச்சு."

ஏறினார்கள். உண்ணாமலை கடைசியாக.

ஜூலை 6

இன்று கேட்டேவிட்டேன். வெள்ளியங்கிரி கடைவீதிக்குப் போயிருந்தான்.

"உங்க கூட்டாளி பாக்கற பார்வை நல்லா இல்லீங்க. கை வேற வெக்கறாரு."

அவர் பல் குத்திக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"கண்ணு இருக்குது, பாக்கறான். உன்னையவா பாத்தான்?"

பதினாறு வருசம் இந்த மனுசனுக்குச் சோறு போட்டிருக்கிறேன். என்னைப் பார்க்காத வரைக்கும் சரி — அவ்வளவுதானா? அவர் எச்சில் தட்டை எடுக்கவே அருவருப்பாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டு வந்தேன். அங்கேயே கிடக்கட்டும்.

ஜூலை 9

வீட்டிலிருந்த பெரிய மரப்பெட்டியைப் பின்தட்டுக்குக் கீழே படியாகப் போட்டேன். நேற்று ஒரு நாள் பெண்கள் ஒழுங்காக ஏறினார்கள். இன்று காலையில் பெட்டியைக் காணோம். கேட்டால் வெள்ளியங்கிரி சொல்கிறான், "வெந்நீருக்கு வெறகு இல்லீன்னாங்க, ஒடைச்சுப் போட்டேனுங்க." விறகு அடுக்கு அடுக்காகக் கொட்டகையில் கிடக்கிறது.

அவரைப் பார்த்தேன். ஜீப்புக்குத் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 13

உண்ணாமலைக்குக் கை ஒடிந்துவிட்டது.

விடியற்காலையில் மழை தூறியிருந்தது. நான் களைக்கொத்துகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவள் தரையில் கிடந்தாள். வெள்ளியங்கிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான், "கால் வழுக்கிருச்சு, நான் புடிக்கத்தான் போனேன்" என்று எல்லாரையும் பார்த்துச் சொல்லிக்கொண்டு. கூடக் களை எடுக்கிற அங்காளம்மாள் அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மணிக்கட்டு கோணிக்கொண்டு நின்றது.

"தூக்கி வண்டியில போடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார் அவர்.

உண்ணாமலை அழவில்லை. "அதுல ஏத்தாதீங்க" என்றாள், அவ்வளவுதான். மூன்று தடவை சொன்னாள்.

நானும் அங்காளம்மாளும் அவளைக் கைத்தாங்கலாக ரோடு வரைக்கும் நடத்திக்கொண்டு போய், பஸ்ஸில் தம்மம்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"காலு வழுக்கலம்மா. அவரு கைய வெக்கக் கூடாத எடத்துல வெச்சாரு. ஒதறுனேன். அதான் உழுந்தேன்."

வீட்டுக்கு வந்து அதே வார்த்தையில் அவரிடம் சொன்னேன்.

"இவளுகளுக்கு இதுதான் வேலை" என்றார்.

ஜூலை 14

யாரும் வேலைக்கு வரவில்லை. அங்காளம்மாள் மட்டும் வந்து வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாள். "இனிமே யாரும் வரமாட்டாங்கம்மா. ஒங்க மேல ஒண்ணும் இல்ல."

என் மேல் ஒன்றும் இல்லையா? தெரியவில்லை. நானும் அங்கேதானே நின்றுகொண்டிருந்தேன்.

ஜூலை 18

அவர் கெங்கவல்லிப் பக்கம் ஆள் பிடிக்கப் போய் வெறும் வண்டியோடு திரும்பினார். சேதி முன்னாலேயே போயிருக்கிறது. சிவப்பு ஜீப்பைப் பார்த்ததும் பெண்கள் வீட்டுக்குள் போய்விட்டார்களாம். அதைக் கோபமாகச் சொன்னார், வெட்கமாக இல்லை.

வெள்ளியங்கிரி ஊருக்குக் கிளம்பிவிட்டான். சலவைச் சட்டை, நெற்றியில் விபூதிப் பட்டை. "வாரேனுங்க" என்று என்னிடமும் கை கூப்பினான். நான் உள்ளே போய்விட்டேன். பஸ் ஏற்றிவிட்டு வந்த அவர், "நல்ல மனுசன் மனசு நொந்து போறான், உன்னால" என்றார்.

நல்ல மனுசன்.

ஜூலை 22

ஓர் உறவுக்காரர் வீட்டுக் காரியம் என்று அவர் திருச்செங்கோடு போயிருக்கிறார். நான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். நேராக நாமக்கல்.

உயிர் கையில் இல்லை. ராசிபுரம் வரைக்கும் ஸ்டீயரிங் ஆடிய ஆட்டத்தில் தோள்பட்டை விட்டுப்போயிற்று. ஒரு வளைவில் இடது பக்கச் சக்கரம் தரையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இதில் எட்டுப் பெண்களை ஏற்றி ஓடைக்கரைச் சரிவில் வண்டியை இறக்கியிருக்கிறார்.

பட்டறையில் காளியப்பன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"பழைய பட்டையையே மாட்டோணும். டயரும் பழசே போதும்" என்றேன்.

"அண்ணன் வந்து சொல்லட்டுங்க."

"ஓட்டறது நானுங்க."

"இருந்தாலும் வண்டி அவருதுங்களே." பக்கத்தில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவனைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பையும் நான் பார்த்திருக்கிறேன், மோட்டார் ரூம் சுவரில்.

எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. லாரி டிரைவர்கள், பாடி கட்ட வந்தவர்கள் என்று அத்தனை பேர் நிற்கும்போதே சொன்னேன். சத்தம் போடவில்லை. இந்த உயரத்தில் பெண்கள் எப்படி ஏறினார்கள், கீழே யார் நின்று பார்த்தார்கள், கையை எங்கே வைத்தான், ஒருத்திக்கு எப்படிக் கை ஒடிந்தது. ஒன்று விடாமல். வெல்டிங் நின்றுபோயிற்று.

காளியப்பன் குனிந்துகொண்டான். "அதையெல்லாம் இங்க பேசாதீங்கக்கா. உள்ள கொண்டாந்து நிறுத்துங்க."

பழைய பட்டையும் டயரும் மூலையில் அப்படியே கிடந்தன. பொழுது சாய்வதற்குள் முடித்துக் கொடுத்தான். மட்கார்டை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அறுத்தது அறுத்ததுதான்.

ஜூலை 24

அவர் வந்தார். வாசலிலேயே நின்று வண்டியைப் பார்த்தார்.

"என்னையக் கேக்காம செஞ்சிருக்கறே."

"கேட்டேனுங்க. கண்ணு இருக்குது, பாக்கறான்னீங்க."

கதவை அறைந்து சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். சாப்பிட வரவில்லை. நான் சாப்பிட்டேன். பசித்தது.

ஆகஸ்ட் 4

வண்டியை இறக்கிவிட்டால் எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று நினைத்தேனா? நினைத்திருக்கிறேன் போல. யாரும் வரவில்லை. பாதிக் காட்டில் மரவள்ளி எது, களை எது என்று தெரியவில்லை.

இன்று உண்ணாமலை வீட்டுக்குப் போனேன். மாவுக்கட்டோடு அரிசி புடைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். முறத்தை நான் வாங்கிக்கொண்டேன்.

"அந்தாளு இனிமே வருவாராம்மா?"

"வரமாட்டாரு. நான் விடமாட்டேன்."

"ஒங்க ஊட்டுக்காரரு?"

அவர் இந்த வீட்டுக்காரர். வராமல் எங்கே போவார்? முறத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அவள் நொய்யைத் தனியாக ஒதுக்கி வைக்கச் சொன்னாள்.

செப்டம்பர் 9

அவர் நாளைக்கு ஆந்திராவுக்குக் கிளம்புகிறார். வெள்ளியங்கிரியோடுதான்.

"தொழில் வேற, ஊடு வேற" என்கிறார்.

"அப்படீன்னா ஊட்டுக்கு நீங்க மட்டும் வாங்க. அவரு வந்தா நான் எங்கப்பன் ஊட்டுக்குப் போயிருவேன். காட்டை நீங்களே பாத்துக்கோங்க."

"பெரிய பேச்செல்லாம் பேசறே."

"ஆமாங்க."

துணியை மடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். அவர் சட்டையைத் தொடும்போது இன்னும் அந்தக் கூச்சம் போகவில்லை. போகுமா என்று தெரியவில்லை.

அக்டோபர் 12

அங்காளம்மாள் வந்தாள். பின்னால் இன்னும் நான்கு பேர். பின்தட்டைத் திறந்து தானே ஏறி உட்கார்ந்தாள். மற்ற நான்கு பேரும் ஏறிக்கொண்டார்கள்.

கீழ்க்காடு போனது போனதுதான். மேல்காட்டில் பாதி தேறும்.

நவம்பர் 3

உண்ணாமலை இன்றுதான் வந்தாள். மணிக்கட்டு முழுக்க மடங்கவில்லை, கொத்துப் பிடிக்க முடியாது. அடுத்த நடவுக்கு மரவள்ளி விதைக்குச்சி கட்டுகிற வேலை, ஆட்களைப் பார்த்துக்கொள்கிற வேலை எல்லாம் அவளுக்கு என்று சொல்லிவிட்டேன். கம்பியைப் பிடித்து ஏறக் கை ஒத்துழைக்கவில்லை. முன்னால் என் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். முதலில் தயங்கினாள்.

1982 ஜூன் 17

தந்தி கொடுத்திருந்தார். காட்டிலிருந்து அப்படியே பெண்களோடு தம்மம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

தனியாகத்தான் இறங்கினார். கையில் ஒரே ஒரு பெட்டி. கறுத்திருந்தார். ஜீப்பைச் சுற்றி வரவில்லை. நேராக முன்பக்கம் வந்து, உண்ணாமலை இருந்த பக்கம் நின்றார். அவள் இறங்கிக்கொள்வாள் என்று நின்றிருப்பார். அவள் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இஞ்சினை அணைக்கவில்லை.

கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பின்னால் போனார். பெட்டியை வாங்க யாரும் கை நீட்டவில்லை. பிறகு அங்காளம்மாள் தன் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஓர் ஆள் இடம் விட்டாள்.

அவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டியை எடுத்தேன்.